கோ 86032: இது என்ன ரகசிய எண்?

குழந்தைகளே, இந்த வாரம் உங்களுக்கு ஒரு புதிர். கீழே இருப்பதைச் சத்தமாகப் படியுங்கள் பார்க்கலாம்.

கோ 86032

என்னவாக இருக்கும்? பஸ் எண்ணா? பாதி அழிந்துபோன போன் நம்பரா? உளவாளிகள் அனுப்பிய ரகசியச் செய்தியா?

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் இருக்கும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு இந்நேரம் சிரித்திருப்பார்கள். அவர்கள் ஊரில்தான் பொதுத்துறை சர்க்கரை ஆலை இருக்கிறதே! கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும் ஊரில் இதெல்லாம் ஒரு புதிரா? "அது கரும்போட பேரு" என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள்.

சரிதான். அது ஒரு கரும்பு ரகத்தின் பெயர். ஆனால், புதிர் இன்னும் முடியவில்லை. அது என்ன 'கோ'? 86032 என்ற எண் எங்கிருந்து வந்தது? வெறும் 'இனிப்புக் கரும்பு', 'உயரக் கரும்பு' என்று பெயர் வைத்திருக்கக் கூடாதா? வாருங்கள், துப்பறியும் நிபுணர்களைப் போல நாமே கண்டுபிடிப்போம்.

ஒரு எண் தப்பினால் என்ன ஆகும்?

முதலில் இந்த எண் ஏன் முக்கியம் என்று பார்த்துவிடலாம். ஆலைக்குக் கரும்பு தரும் விவசாயி, நடவு செய்ததும் ஆலையில் பதிவு செய்ய வேண்டும். எவ்வளவு நிலம், எந்தத் தேதியில் நடவு, என்ன ரகம் என்று எழுதிக்கொள்வார்கள். அந்த ரகம் என்ற இடத்தில்தான் நம்முடைய குறியீடு வரும்.

எல்லாக் கரும்பும் ஒரே வயதில் வெட்டுக்கு வராது. சில ரகங்கள் பத்து மாதத்திலேயே இனிப்பு ஏறித் தயாராகிவிடும். சில ரகங்கள் பன்னிரண்டு மாதம் கேட்கும். சீக்கிரம் வெட்டினால் சாற்றில் சர்க்கரை குறையும். தாமதமாக வெட்டினாலும் குறையும். ரகத்தையும் நடவுத் தேதியையும் பார்த்துத்தான் ஆலை 'கட்டிங் ஆர்டர்' கொடுக்கும். அதனால் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டால் ஒரு குடும்பத்தின் ஒரு வருட உழைப்புக்கே நஷ்டம் வரலாம்.

துப்பு துலக்குவோமா?

ஒரே ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டு யோசித்தால் ஊகம் மட்டும்தான் செய்ய முடியும். பல குறியீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விதி தானாக வெளியே வரும். இது எல்லாப் புதிருக்கும் பொருந்தும். இதோ, சில துப்புகள்:

கோ 205: 1918-ல் விவசாயிகளுக்கு வந்தது
கோ 419: 1930-களில் வந்தது
கோ 86032: 2000-ல் வெளியிடப்பட்டது
கோ 0238: 2009-ல் வெளியிடப்பட்டது

முதல் ஊகம்: இது வெறும் வரிசை எண். அதாவது கோ 86032 என்றால், எண்பத்தாறாயிரத்து முப்பத்திரண்டாவது கரும்பு.

சோதித்துப் பார்ப்போம். வரிசை எண் என்றால் 238 முதலில் வர வேண்டும், அதற்குப் பிறகுதான் 419 வர வேண்டும். ஆனால் 419 வந்தது 1930-களில். 0238 வந்ததோ 2009-ல்! இடிக்கிறதே? இன்னொன்றையும் கவனியுங்கள். 0238-க்கு முன்னால் ஒரு பூஜ்யம் இருக்கிறது. வெறும் வரிசை எண் என்றால் முன்னால் பூஜ்யம் எதற்கு? உங்கள் வரிசை எண் 8 என்றால், ஆசிரியர் 08 என்று கூப்பிடுவாரா? அந்தப் பூஜ்யத்துக்கு ஏதோ வேலை இருக்கிறது. அதனால் முதல் ஊகம் தோல்வி.

இரண்டாவது ஊகம்: முதல் இரண்டு எண்கள் ஆண்டு. மீதி இருப்பது வரிசை எண்.

86 என்றால் 1986. 02 என்றால் 2002. ஆகா, பூஜ்யத்தின் வேலை புரிந்துவிட்டது! 86032 என்பதை 86 / 032 என்று பிரித்துப் படிக்க வேண்டும். 0238 என்பதை 02 / 38 என்று படிக்க வேண்டும்.

ஆனால், ஒரு சந்தேகம் வருகிறதா? 86032 வெளியானது 2000-ல் அல்லவா? 1986 எப்படி வந்தது? அந்த 86, கரும்பு விவசாயிக்குக் கிடைத்த ஆண்டு அல்ல. விஞ்ஞானிகள் அந்தக் கரும்பைத் தேர்ந்தெடுத்து அதற்கு எண் கொடுத்த ஆண்டு. அன்றிலிருந்து வெளியீடு வரை 14 ஆண்டுகள். பிறந்த குழந்தை ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் வயது! அத்தனை காலம் அதற்குப் பரீட்சை நடந்துகொண்டே இருந்தது. பல ஊர் மண்ணில் நட்டுப் பார்த்தார்கள், சாற்றின் இனிப்பை அளந்தார்கள், நோய் தாங்குகிறதா என்று கவனித்தார்கள்.

இப்போது இரண்டாவது ஊகத்துக்கும் ஒரு சோதனை வைப்போம். கோ 205-ஐ 20 / 5 என்று பிரித்தால், 1920-ல் எண் பெற்ற கரும்பு என்று வரும். ஆனால் அது 1918-லேயே வயலுக்கு வந்துவிட்டது. பிறப்பதற்கு முன்பே பள்ளிக்கூடம் போக முடியுமா? கோ 419-ஐ 1941 என்று படித்தாலும் அதே சிக்கல்தான்.

அப்படியானால் நம் விதி தப்பா? தப்பில்லை. பழைய கரும்புகளுக்கு 1, 2, 3 என்று வெறும் வரிசை எண்தான் கொடுத்தார்கள். பின்னாளில்தான் ஆண்டைச் சேர்த்து எழுதும் முறை வந்தது. ஆகவே, மூன்று இலக்கப் பழைய எண்களுக்கு ஒரு விதி, ஆண்டு சேர்ந்த புதிய எண்களுக்கு வேறு விதி. விதியோடு அது எங்கே செல்லாது என்பதையும் கண்டுபிடித்தால்தான் துப்பறிவாளரின் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

'கோ' என்றால் கோயம்புத்தூர்

எண் புரிந்துவிட்டது. எழுத்து? அது சுலபம். கோ என்பது கோயம்புத்தூர். அங்கே 1912-ல் கரும்புக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர் என்ற ஆங்கிலேயர் அதன் முதல் கரும்பு நிபுணர். அவருக்குத் துணையாக வந்து, பிறகு அவர் இடத்துக்கே உயர்ந்தவர் நம் தமிழர், டி.எஸ். வெங்கட்ராமன்.

ஏன் கோயம்புத்தூர்? காரணம் பூ. கரும்பும் பூக்கும் தெரியுமா? உச்சியில் வெள்ளிநிறக் குஞ்சம் போல வரும். ஆனால் எல்லா ஊரிலும் நன்றாகப் பூத்து முளைக்கும் விதை கொடுக்காது. வட இந்தியக் குளிரில் அது கடினம். கோவையின் தட்பவெப்பத்தில் பலவகைக் கரும்புகள் நன்றாகப் பூத்து, நல்ல விதையும் வைத்தன. இரண்டு கரும்புகளுக்குக் கல்யாணம் செய்து வைக்க ஏற்ற இடம் அதுதான்!

அந்தக் காலத்தில் வட இந்திய வயல்களில் இருந்த கரும்புகள் பென்சில் போல ஒல்லி. குளிரையும் வறட்சியையும் தாங்கும், ஆனால் சாறு குறைவு. தெற்கே விளைந்த பருத்த கரும்பில் சாறு அதிகம், ஆனால் அது வடக்கே தாங்காது. பார்பரும் வெங்கட்ராமனும் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். 'வெள்ளை' என்ற தடித்த கரும்பின் பூவில், கோவைப் பக்கம் தானாக வளர்ந்து கிடந்த நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். நாணலில் இனிப்பே கிடையாது. ஆனால் எதையும் தாங்கும் முரட்டுச் செடி. அந்த ஜோடிக்குப் பிறந்த பிள்ளைதான் கோ 205. அது பஞ்சாபுக்குப் போய் வெற்றிக்கொடி நாட்டியது. களை என்று நாம் ஒதுக்கும் நாணல், இன்று நம் வீட்டுச் சர்க்கரைக்குப் பாட்டன் முறை!

ஒரே ஒரு செடி

இப்போது உங்களை ஆச்சரியப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறோம். கரும்பின் விதை தூசு போலச் சிறியது. ஒரே தாய், ஒரே தந்தை என்றாலும் அந்த விதைகளில் முளைக்கும் நாற்றுகள் ஒன்றுபோல் இருக்காது. உங்கள் வீட்டில் அண்ணன் ஒரு மாதிரி, தங்கை ஒரு மாதிரி இருப்பதைப் போலத்தான். ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்துப் பார்த்து, பெரும்பாலானவற்றைக் கழித்துவிட்டு, மிகச் சிலவற்றைத்தான் விஞ்ஞானிகள் தேர்ந்தெடுப்பார்கள். எண் கிடைப்பது அந்தச் சிலவற்றுக்கு மட்டும்.

ஆனால் விவசாயி விதை விதைப்பதில்லை. கரும்பைத் துண்டு துண்டாக வெட்டி நடுகிறார். அதற்குக் கரணை என்று பெயர். கரணையின் கணுவில் ஒரு பரு இருக்கும். அதிலிருந்து புதுக்கரும்பு முளைக்கும். அந்தக் கரும்பு தாயைப் போல இருக்கும் என்று சொல்வதுகூடக் குறைவு. அது அதே கரும்பேதான்!

என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். எண்பதுகளில் கோவையில் ஒரு நாற்று இருந்தது. அதை வெட்டி நட்டார்கள். அதிலிருந்து வந்ததை மறுபடி வெட்டி நட்டார்கள். இப்படியே பெருகிப் பெருகி எத்தனையோ மாவட்டங்களுக்கும் மாநிலங்களுக்கும் போனது. எந்த ஊரில் எந்த வயலில் கோ 86032 நின்றாலும், அது அந்த ஒரு நாற்றின் துண்டுதான். ஆகவே, அந்த எண் ஒரு கூட்டத்தின் பெயர் அல்ல. ஒரே ஒரு செடியின் பெயர்!

சிவந்த கரும்பு சொல்லும் எச்சரிக்கை

இதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. கண்டுபிடித்தீர்களா?

எல்லாம் ஒரே செடி என்றால், ஒன்றைத் தாக்கும் நோய் மற்றவற்றையும் சுலபமாகத் தாக்கும். கரும்புக்குச் செவ்வழுகல் என்று ஒரு பூஞ்சாண நோய் உண்டு. வெளியே பார்த்தால் முதலில் தெரியாது. கரும்பை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே சிவப்பாகவும், குறுக்கே வெள்ளைத் திட்டுகளாகவும் இருக்கும். புளித்த கள் வாடை வரும். அந்தக் கரும்பு ஆலைக்கும் உதவாது, கரணைக்கும் உதவாது.

கோசி 671 என்று ஒரு ரகம் இருந்தது. சர்க்கரைச் சத்தில் அதற்கு நிகரில்லை என்று பெயர் வாங்கியது. ஆனால் செவ்வழுகலுக்கு எளிதில் பலியாகும். உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 வந்தபோது விவசாயிகள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். விளைச்சலும் சர்க்கரையும் ஏறின. மாநிலத்தின் கரும்பு வயல்களில் பெரும்பகுதி அந்த ஒரே ரகமாக மாறியது. பிறகு செவ்வழுகல் வந்தது. வயல் வயலாகப் பரவியது. வேறு ரகங்களுக்கு மாறுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இப்படி ஒரு நோய் வரும்போது குறியீடுதான் கை கொடுக்கும். "இன்ன ரகத்தில் நோய் கண்டிருக்கிறது" என்று அறிவித்தால், அதே எண்ணை நட்டவர்கள் எல்லாரும் உடனே உஷாராகலாம். ஊருக்கு ஊர் வேறு வேறு செல்லப் பெயர் இருந்தால் இது நடக்குமா? கோ 86032-க்கு 'நயனா' என்று ஓர் அழகான பெயரும் உண்டு. ஆனால் வயல்காட்டில் நிலைத்தது எண்தான்.

கோ 86032-ன் பெற்றோர் யார் தெரியுமா? தாய் கோ 62198. தந்தை, நாம் இப்போது பார்த்த அதே கோசி 671. தாயின் பெயரை இப்போது நீங்களே படிக்கலாம்: கோவை, 1962-ம் ஆண்டு, எண் 198. ஒரு ரகத்துக்கு நோய் வந்தால், அதன் பெற்றோரும் பிள்ளைகளும் எப்படி இருக்கின்றன என்று விஞ்ஞானிகள் குறியீட்டைப் பிடித்துக்கொண்டே தேடிப்போவார்கள்.

'கோ'வுக்குப் பின்னால் இன்னொரு எழுத்து

கோசி என்றோமே, அந்த 'சி' என்ன? கோவையில் உருவாகும் விதைகளைப் பல ஊர் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் அனுப்புவார்கள். அங்கே வளர்த்துத் தேர்ந்தெடுக்கும் கரும்புக்கு, கோ-வுடன் அந்த ஊரின் முதல் எழுத்தும் சேரும். இந்த 'சி', கடலூரின் ஆங்கில முதலெழுத்து. பஞ்சாபின் ஜலந்தரில் தேர்ந்தெடுத்தால் கோஜே. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூர் என்றால் கோஎஸ். லக்னோ என்றால் கோஎல்கே.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, ஜாக்கிரதை! எறையூர்க்காரர்களுக்குப் பக்கத்து மாவட்டமான திருச்சியில், சிறுகமணியில் ஒரு கரும்பு ஆராய்ச்சி நிலையம் உண்டு. அங்கே தேர்ந்தெடுத்த கரும்பையும் தமிழில் 'கோசி' என்றுதான் எழுதுவோம்! ஆங்கிலத்தில் கடலூருக்கு 'சி' என்ற ஒரே எழுத்து. சிறுகமணிக்கு 'எஸ்', 'ஐ' என்று இரண்டு எழுத்துகள். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. அதனால் கோசி என்று பார்த்தால், "கடலூரா, சிறுகமணியா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.

கடல் தாண்டிய 'கோ'

என்கோ 310 என்று ஒரு கரும்பு இருந்தது. 'என்' என்பது தென்னாப்பிரிக்காவின் நேட்டால். கோ 421, கோ 312 என்ற இரண்டு கரும்புகளைக் கோவையில் இணைத்து, அந்த விதையை நேட்டாலுக்கு அனுப்பினார்கள். அங்கே வளர்த்துத் தேர்ந்தெடுத்து, 1945-ல் வெளியிட்டார்கள். அது தைவான் வரை போனது, அமெரிக்காவின் டெக்சாஸ் வரை போனது.

இதே நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத்தான், 1860-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம் மக்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதலில் ஆட்கள் போனார்கள். எண்பது ஆண்டு கழித்து விதை போனது. என்கோ என்ற மூன்று எழுத்துக்குள் இரண்டு ஊர் இருக்கிறது பார்த்தீர்களா?

நெல்லிலும் இப்படி உண்டு. ஐ.ஆர். 8 கேள்விப்பட்டிருப்பீர்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட நெல் அது. அதன் முழுப்பெயர் ஐ.ஆர். 8-288-3. எட்டாவது கலப்பு, 288-வது வரிசை, அதில் மூன்றாவது செடி என்று அர்த்தம். வயலில் அந்தச் செடி நின்ற இடத்தையே பெயராக வைத்துவிட்டார்கள்!

உங்கள் ஊரில் தேடுங்கள்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், நிலக்கடலை, நெல் எல்லாம் விளைகின்றன. ஒவ்வொன்றிலும் குறியீடு இருக்கும். ஏ.டி.டி. என்றால் தஞ்சாவூர் மாவட்டத்து ஆடுதுறை. வி.ஆர்.ஐ. என்றால் விருத்தாசலம். டி.எம்.வி. என்றால் திண்டிவனம். ஆனால் ஏ.டி.டி. 43 என்பதை 1943 என்று படித்துவிடாதீர்கள். அங்கே இன்னும் வரிசை எண்தான். அதேபோல வெங்காயத்திலோ நெல்லிலோ 'கோ' என்று வந்தால், அது கோவையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைக் குறிக்கும். ஊர் ஒன்று, நிலையம் வேறு.

குறியீடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். எங்கே, எப்போது, எத்தனையாவது என்று சொல்லும். உங்கள் மண்ணுக்கு ஒத்துவருமா, தண்ணீர் எவ்வளவு கேட்கும், காற்றில் சாயுமா என்று சொல்லாது. அதை வேளாண்மை அதிகாரியிடமும், அந்த ரகத்தை நட்டுப் பார்த்த தாத்தா, பெரியப்பாவிடமும்தான் கேட்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலோ, பக்கத்து வயலிலோ, உரக்கடையில் தொங்கும் விதைப் பொட்டலத்திலோ ஐந்து குறியீடுகளைத் தேடி நோட்டில் எழுதுங்கள். "இது என்ன ரகம்? எந்த ஊரில் உருவானது?" என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கே தெரியாவிட்டால், நீங்கள் சொல்லிக் கொடுங்கள்!

அதற்கு முன் ஒரு சின்னப் பரீட்சை. விடையைப் பார்க்காமல் முயற்சி செய்யுங்கள்.

1. கோ 11015: எந்த ஊர்? எந்த ஆண்டு? எந்த எண்?
2. சிறுகமணியில் தேர்ந்தெடுத்த கோசி 95071: எந்த ஆண்டு?
3. கோ 290 என்ற பழைய கரும்பு 1929-ல் எண் பெற்றது என்று ஒருவர் சொல்கிறார். ஒத்துக்கொள்வீர்களா?

விடைகள்: 1. கோயம்புத்தூர், 2011, எண் 15. 2. 1995. 3. ஒத்துக்கொள்ள வேண்டாம். மூன்று இலக்கப் பழைய எண் அது. ஆண்டு அதில் இல்லை, வெறும் வரிசை எண்தான்.